நன்கொடை பங்கான வழி: இந்தியக் குறுங்கடன் வரலாற்றில் உரிமை என்னும் அறச் சிக்கல்

2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த எஸ்.கே.எஸ். மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரு பங்கு 985 ரூபாய் என்ற விலையில் வெளியிடப்பட்ட பங்குகளுக்குப் பத்து மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. திரண்ட தொகை 1,600 கோடி ரூபாயைத் தாண்டியது. இரண்டே மாதத்தில், அக்டோபர் 15 அன்று, கடன் தொல்லையால் நேர்ந்த தற்கொலைகள் பற்றிய செய்திகளுக்கிடையே, ஆந்திரப் பிரதேச அரசு குறுங்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதற்குப் பின் அம்மாநிலத்தில் தவணை வசூல் பத்து விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. இந்த நிறுவனம் 1990களின் இறுதியில் மேதக் மாவட்டத்தின் வறண்ட பகுதியில், நன்கொடைப் பணத்தில், ஒரு தொண்டு நிறுவனமாகத் தொடங்கியது என்பதுதான் இந்நிகழ்வை ஆய்வுக்குரியதாக்குகிறது. நிகழ்ந்ததற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கத்தில் உள்ளன. ஏழைகளிடம் லாபம் தேடிய பேராசையே காரணம் என்கிறது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை அரசியல் கெடுத்தது என்கிறது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போகின்றன: நன்கொடையாலும் ஏழைப் பெண்களின் கூட்டுப் பொறுப்பாலும் உருவான மதிப்பு யாருடைய சொத்து? சமூக முதலீட்டின் அறத்தை வட்டி விகிதத்தையோ நிறுவனரின் நோக்கத்தையோ வைத்து அளந்துவிட முடியாது. உரிமை எங்கே வைக்கப்பட்டது, அது எந்த வழியாகக் கைமாறியது என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

சென்னை மாகாணத்தில் பிறந்த விடை

இந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதிதன்று. உழவர்களுக்குக் கடன் கிடைக்க வழி காணுமாறு சென்னை மாகாண அரசு 1892இல் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைப் பணித்தது. 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய அறிக்கை, ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய கிராமக் கடன் சங்கங்களை முன்மாதிரியாகக் காட்டியது. அந்தச் சங்கங்களின் அமைப்பு மூன்று தூண்கள்மேல் நின்றது. கடன் வாங்குபவரே உறுப்பினர், உறுப்பினரே உரிமையாளர் என்பது முதலாவது. ஒருவர் கடனுக்கு மற்றவர் அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பு என்பது இரண்டாவது. சேரும் உபரி எவரும் பங்குபோட்டுக்கொள்ள முடியாத சேமநிதியில் போய்ச் சேர வேண்டும் என்பது மூன்றாவது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இந்த அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பு விதிக்கப்பட்டது. லாபம் பங்காதாயமாகப் பிரிக்கப்படாமல் சேமநிதியில் சேர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின.

இங்கே இரண்டாவது தூணும் மூன்றாவது தூணும் ஒன்றுக்கொன்று ஈடு. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாதவர்கள் தங்கள் பரஸ்பர நம்பிக்கையையே பிணையாக வைக்கிறார்கள். அந்தப் பிணையால் விளையும் உபரியை வெளியார் எவரும் எடுத்துச் செல்ல முடியாதபடி சட்டம் பூட்டி வைக்கிறது. ஆபத்தைச் சுமப்பவர் கையிலேயே விளைவும் நிற்கிறது. நவீன நிறுவனச் சட்டங்கள் சொத்துப் பூட்டு என்று பேசும் ஏற்பாடு, அந்தப் பெயர் இல்லாமலேயே, நூறாண்டுக்கு முன் நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

அந்த விடை ஏன் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏ.டி.கோர்வாலா தலைமையில் நடந்து 1954இல் வெளிவந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவுகளின் பங்கு மூன்று விழுக்காட்டளவே என்றும், மிகப் பெரும்பகுதி வட்டிக்கடைக்காரர்களிடமிருந்தே வந்தது என்றும் காட்டியது. அரசே கூட்டுறவுகளில் பங்கு முதல் போட வேண்டும் என்பது ஆய்வுக் குழுவின் பரிந்துரை. பணம் வந்தது, அதோடு அதிகாரியும் கட்சிக்காரரும் வந்தார்கள். உறுப்பினர் பெயரளவு உரிமையாளராகவும் நடைமுறையில் பயனாளியாகவும் ஆனார். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதும், பின்னர் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் மானியக் கடன்களும் கடனைக் கிராமத்துக்குக் கொண்டுசென்றன. 1990இன் 10,000 ரூபாய் வரையிலான கடன் தள்ளுபடி, ‘அரசுப் பணம்தானே, திருப்பிக் கட்டாவிட்டால் என்ன’ என்ற மனநிலைக்கு முத்திரை குத்தியது. அப்படி விழுந்த இடைவெளியில்தான் தொண்டு நிறுவனங்கள் நுழைந்தன.

குழுவின் இரு வடிவங்கள்

தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த குழுக் கடன் இரண்டு வடிவங்களில் வேர்விட்டது. ஒன்று சுயஉதவிக் குழு. மைராடா போன்ற அமைப்புகள் 1980களில் கர்நாடகத்தில் செய்துபார்த்த இந்த முறையை ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992இல் வங்கிகளோடு இணைத்தது. பத்து முதல் இருபது பெண்கள் முதலில் தங்களுக்குள் சேமிக்கிறார்கள். அந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்து வாங்குகிறார்கள். கணக்கு ஒழுங்கானதும் வங்கி குழுவின் பெயரில் கடன் தருகிறது. உள்கடனுக்கு வரும் வட்டி குழுவின் பொது நிதியிலேயே சேர்கிறது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும் பின்னர் வந்த மகளிர் திட்டமும் இந்த வழியில் நடந்தன. மதுரையில் 1990 வாக்கில் பிரதான் அமைப்பு தொடங்கி, 1997இல் உருவான தானம் அறக்கட்டளை வளர்த்தெடுத்த களஞ்சியங்கள் இதை ஒரு படி மேலே கொண்டுசென்றன. குழுக்கள் தொகுப்பாகவும், தொகுப்புகள் வட்டாரக் களஞ்சியமாகவும் இணைந்து, உறுப்பினர்களே பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளாயின. தொண்டு நிறுவனம் ஆள் பழக்கிக் கொடுத்தது. உரிமை குழுவிடமே இருந்தது.

மற்றொன்று வங்கதேசத்தின் கிராமீன் வழி. ஐந்து பேர் கொண்ட குழு, வாரந்தோறும் மையக் கூட்டம், கூட்டத்திலேயே தவணை வசூல் என்பது அதன் நடைமுறை. அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 10,000 ரூபாய் கடனுக்கு வாரம் 225 ரூபாய் வீதம் 50 வாரத் தவணை என்றால், மொத்த வட்டி 1,250 ரூபாய், அதாவது பன்னிரண்டரை விழுக்காடு என்று தோன்றும். ஆனால் அசல் வாரந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான ஆண்டு வட்டி 24 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கைக்காசைப் போட்டு நிரப்பிவிட்டுத்தான் கூட்டத்திலிருந்து எழ முடியும். நிறுவனங்கள் பெருமையோடு காட்டிய 98, 99 விழுக்காட்டு வசூல் இப்படி வந்தது. வாராக்கடன் செலவு என்று எந்த வங்கியும் தன் ஏட்டில் எழுதும் தொகையை இங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் சமையல் செலவிலிருந்து கட்டினார்கள். அவர்கள் சுமந்த அந்த ஆபத்துக்கு நிறுவனத்தின் முதலீட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை.

இந்திய நிறுவனங்கள் கிராமீனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டன, எதை விட்டன என்பது கவனிக்கத்தக்கது. 1983இல் தனிச்சட்டத்தால் அமைந்த கிராமீன் வங்கியில் கடன் பெறுவோரே பங்குதாரர்கள். காலப்போக்கில் பங்குகளில் மிகப் பெரும்பகுதி அவர்களிடம் வந்தது. இயக்குநர் குழுவில் பெரும்பான்மை இடங்களும் அவர்களின் பிரதிநிதிகளுக்கே இருந்தன. ஐவர் குழுவும் வாரத் தவணையும் எல்லை தாண்டி இந்தியா வந்தன. கடனாளியின் பங்குரிமை எல்லையிலேயே நின்றுவிட்டது.

சட்டச் சந்தில் நடந்த மாற்றம்

உரிமை நின்றுபோனதற்கு நிறுவனர்களின் குணத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. சட்டத்தின் அமைப்பும் காரணம். 2000இல் குறுங்கடன் நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் கடனை முன்னுரிமைத் துறைக் கடனாக ரிசர்வ் வங்கி ஏற்றது. கொடுத்தே ஆக வேண்டிய பணத்துக்குக் கொடுக்க இடம் தேடிய வங்கிகளுக்கு இது எளிய வாய்க்கால். ஆனால் வங்கி கடன் தர வேண்டுமென்றால் வாங்குபவரிடம் சொந்த முதல் இருக்க வேண்டும். சங்கப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் நன்கொடை பெறலாம், பங்கு விற்க முடியாது. வங்கிசாரா நிதி நிறுவனமாகப் பதிவு செய்ய அன்று இரண்டு கோடி ரூபாய் சொந்த நிதி தேவை. தொண்டு நிறுவனம் தன் நன்கொடை நிதியிலிருந்து அந்த முதலைப் போடவும் வழியில்லை. அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 11(5)ஆம் பிரிவு அறநிறுவனங்கள் முதலீடு செய்யத்தக்க வழிகளை வரையறுத்தது. தனியார் நிறுவனப் பங்கு அதில் இல்லை. மீறினால் வரிவிலக்கு போய்விடும்.

இந்தச் சந்தில் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் பரஸ்பர நல அறக்கட்டளை. இந்திய மேலாண்மைக் கழகப் பேராசிரியராக இருந்த எம்.எஸ்.ஸ்ரீராம் 2010இல் எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி இதழில் எழுதிய கட்டுரையில் பணம் நடந்த பாதையை நிறுவனம் நிறுவனமாகத் தடம் பிடித்தார். கடன் பெறும் பெண்களின் குழுக்களுக்கென்று வந்த நன்கொடை அவர்கள் பெயரில் அமைந்த அறக்கட்டளைகளில் சேர்க்கப்பட்டது. அந்த அறக்கட்டளைகள் புதிய நிதி நிறுவனத்தில் பங்கு வாங்கின. எஸ்.கே.எஸ். நிறுவனத்தில் இப்படி ஐந்து அறக்கட்டளைகள் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் இது நிக்கல்சன் கேட்டதைப் போன்றதே: கடனாளிகள் உரிமையாளர் ஆகிவிட்டார்கள். நடைமுறையில் பங்குக்குரிய வாக்கு அறங்காவலர்களிடம் இருந்தது; மேதக் கிராமத்துப் பெண்ணுக்குப் பொதுக்குழுவில் கையுயர்த்த இடமில்லை. 2007இல் செக்கோயா நிதியமும் அடுத்தடுத்து வேறு முதலீட்டு நிதியங்களும் உள்ளே வந்தபோது அறக்கட்டளைகளின் விழுக்காடு கரைந்துகொண்டே போனது. தொடக்கத்தில் போட்ட நன்கொடை முக மதிப்பிலேயே கணக்கிடப்பட்டது; பின்னால் வந்த பணத்துக்கும் மேலாளர்களின் பங்கு ஒதுக்கீடுகளுக்கும்தான் நிறுவனத்தின் வளர்ச்சி விலையாக மாறியது. நிறுவனர் விக்ரம் அகுலா பங்கு வெளியீட்டுக்கு முன்பே தம் பங்குகளில் ஒரு பகுதியை விற்றிருந்தார். இவற்றில் எதையும் சட்டமீறல் என்று சுட்ட வேண்டியதில்லை. சட்டத்துக்கு உட்பட்டே இது நடக்க முடிந்தது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

மெக்சிகோ தரும் ஒப்பீடு

உரிமையே முக்கியம் என்ற வாதத்தைச் சோதிக்க மெக்சிகோவின் கம்பார்த்தமோஸ் வங்கி உதவும். அதுவும் 1990இல் தொண்டு நிறுவனமாகத் தொடங்கியது, 2006இல் வங்கியானது, 2007 ஏப்ரலில் பங்கு வெளியிட்டது. பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியை 45 கோடி டாலருக்கு மேல் விற்றார்கள். அவர்கள் முதலில் போட்ட மொத்த முதல் 60 லட்சம் டாலர் அளவே. அங்கே கடனாளிகள் வரியோடு சேர்த்து ஆண்டுக்கு நூறு விழுக்காட்டை ஒட்டிய வட்டி கட்டினார்கள். நோபல் பரிசு பெற்ற முகமது யூனுஸ் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் மெக்சிகோவில் தொண்டு நிறுவனங்களே நேரடியாகப் பங்கு வைத்திருக்க முடிந்தது. தொடங்கிய தொண்டு நிறுவனமும் ஆக்சியோன் என்ற அமெரிக்க அறநிறுவனமும் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகமும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வைத்திருந்தன. விற்றுக் கிடைத்த பணத்தில் பெரும்பகுதி மீண்டும் பொதுநோக்கு அமைப்புகளுக்கே போனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வழக்கமான விளக்கங்கள் தடுமாறுகின்றன. வட்டிதான் குற்றம் என்றால் மெக்சிகோவில் அல்லவா வசூல் இடிந்து விழுந்திருக்க வேண்டும்? அங்கே வங்கி தொடர்ந்து வளர்ந்தது. அதில் நான்கில் ஒரு பங்கு அளவே வட்டி வாங்கிய ஆந்திரத்தில் இடிந்தது. நன்கொடையாளர் கையில் உரிமை இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. கம்பார்த்தமோஸில் அறநிறுவனங்கள் அடைந்த லாபம் ஏழைக் கடனாளிகள் கட்டிய வட்டியிலிருந்தே வந்தது. இந்தியாவில் நன்கொடை தன் உரிமையை இழந்தது. மெக்சிகோவில் நன்கொடை தன் உரிமையைக் காத்துக்கொண்டு கடனாளியை மறந்தது. இரண்டு இடத்திலும் ஆபத்தைச் சுமந்தவளுக்கு வாக்கு இல்லை.

எழக்கூடிய மறுப்புகள்

ஆந்திர வீழ்ச்சிக்கு அரசின் அவசரச் சட்டம்தானே நேரடிக் காரணம் என்பது முதல் மறுப்பு. உண்மைதான். அரசும் நடுநிலையான நடுவராக இருக்கவில்லை. உலக வங்கி உதவியோடு நடந்த தன் சுயஉதவிக் குழுத் திட்டத்தையும், நூற்றுக்கு மாதம் கால் ரூபாய் என்ற ‘பாவலா வட்டி’ மானியத்தையும் வைத்துக்கொண்டு, அதே பெண்களுக்குக் கடன் தரும் போட்டியாளராகவே அது இருந்தது. ஆனால் 2006இலேயே கிருஷ்ணா மாவட்ட நிர்வாகம் குறுங்கடன் நிறுவனங்களின் ஏறத்தாழ ஐம்பது கிளைகளை மூடியபோது இதே காட்சியின் ஒத்திகை நடந்தது. ஓர் அவசரச் சட்டம் வந்ததும் லட்சக்கணக்கானோர் தவணையை நிறுத்த முடிந்தது என்றால், அவர்கள் அந்த நிறுவனத்தைத் தங்களுடையதாக ஒருநாளும் கருதவில்லை என்றே பொருள். 1990 தள்ளுபடிக்குப் பின் கூட்டுறவுகளில் நடந்ததும் இதேதான். அங்கும் முதல் அரசுடையதாகிவிட்டிருந்தது. கடனாளி உரிமையாளராக இல்லாத இடத்தில் அரசியல் உள்ளே வரக் கதவு திறந்தே கிடக்கிறது.

பங்குச் சந்தைப் பணம் இல்லாமல் கோடிக்கணக்கான ஏழைகளை எட்ட முடியாது என்பது இரண்டாவது, மேலும் வலுவான மறுப்பு. நன்கொடை வற்றக்கூடியது, முதலீடு பெருகக்கூடியது. இதற்கு இந்திய அனுபவமே பதில் தருகிறது. பங்கு விற்காமலேயே, 2010 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 70 லட்சம் சுயஉதவிக் குழுக்கள் வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தன. குழு அமைக்கும் செலவை அரசும் நபார்டும் தொண்டு நிறுவனங்களும் ஏற்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறுங்கடன் நிறுவனங்களுக்கும் முன்னுரிமைத் துறைக் கடன் என்ற பொதுக்கொள்கைச் சலுகை இருந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இருபுறமும் பொதுப்பணம் இறங்கியது. ஒருபுறம் அது குழுவின் நிதியாக நின்றது, மறுபுறம் பங்கு விலையாக வெளியேறியது.

உரிமை எவரிடம் இருந்தால் என்ன, கடன் ஏழைகளை உயர்த்தியதே என்பது மூன்றாவது மறுப்பு. 2015இல் ஹைதராபாத், மெக்சிகோ, மொராக்கோ உள்ளிட்ட ஆறு இடங்களின் சமவாய்ப்புச் சோதனை ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. அவற்றின் கூட்டு முடிவு நிதானமானது: சிறு தொழில்களுக்கு ஓரளவு நன்மை, செலவில் கூடுதல் சுதந்திரம்; குடும்பத்தின் சராசரி வருமானத்தையோ வாழ்வையோ புரட்டிப்போடும் மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே பங்கு விலை சமூக நன்மையை அளந்தது என்று சொல்ல முடியாது. வசூல் எவ்வளவு உறுதியானது என்பதையே அது அளந்தது. அந்த உறுதிக்கு உழைத்தவர்கள் குழுப் பெண்கள்.

முடிவுரை

நெருக்கடிக்குப் பின் வந்த சீர்திருத்தங்கள் இந்த வாதத்தின் வெளிச்சத்தில் அரைகுறையாகவே தெரிகின்றன. ரிசர்வ் வங்கி அமைத்து, 2011 ஜனவரியில் அறிக்கை தந்த மாலேகாம் குழு வட்டிக்கு 24 விழுக்காடு உச்சவரம்பு கேட்டது. ரிசர்வ் வங்கி அதை 26 ஆக்கியது. ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரக்கூடாது, மிரட்டி வசூலிக்கக் கூடாது என்ற விதிகளும் வந்தன. 2022இல் உச்சவரம்பு நீக்கப்பட்டு, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்ற விதி வந்தது. விலை, அளவு, நடத்தை மூன்றும் ஒழுங்குபடுத்தப்பட்டன. உரிமை பற்றி ஒரு வரியும் இல்லை. 2019 வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவிக்கப்பட்டு 2022இல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளோடு வடிவம் பெற்ற சமூகப் பங்குச் சந்தையும் அதே பாதையில் நடக்கிறது. லாபநோக்கற்ற அமைப்புகள் அசலும் வட்டியும் திரும்பாத பத்திரங்கள் வழியாக நிதி திரட்டலாம். லாபநோக்குச் சமூக நிறுவனங்களும் இடம்பெறலாம். தாக்க அறிக்கை கட்டாயம். ஆனால் ஒன்று மற்றொன்றாக மாறும்போது இடையில் சேர்ந்த மதிப்பு எவருக்கு என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. இதற்கு மாறாக, பிரிட்டன் 2005 முதல் சமூக நல நிறுவனம் என்ற தனி வகையை ஏற்படுத்தி, அதன் சொத்தைச் சட்டத்தால் பூட்டியிருக்கிறது.

இந்தியச் சட்டம் செய்ய வேண்டியது கடினமானதன்று. தொண்டு நிறுவனம் வணிக நிறுவனமாகும்போது, அதுவரை நன்கொடையாலும் கூட்டுப் பொறுப்பாலும் சேர்ந்த மதிப்பைச் சுதந்திரமான மதிப்பீட்டாளரைக் கொண்டு கணக்கிட்டு, பிரிக்கவோ கரைக்கவோ முடியாத பங்காக வைக்க வேண்டும். அந்தப் பங்கின் வாக்கு, நியமிக்கப்பட்ட அறங்காவலரிடம் இல்லாமல், கடன் பெறுவோர் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடம் இருக்க வேண்டும். அறநிறுவனம் தான் பெற்றெடுத்த நிறுவனத்தில் பங்கு வைத்திருக்க வரிச் சட்டம் வழிவிட வேண்டும். இம்மூன்றும் இல்லாத முதலீட்டை, அதன் விளம்பர ஏட்டில் எத்தனை ஏழைப் பெண்களின் படம் இருந்தாலும், சமூக முதலீடு என்று அழைக்க நியாயமில்லை. 1904இன் சட்டம் கிராமச் சங்கத்துக்குத் தந்த பாதுகாப்பை 2010இல் இருந்த சட்டம் ஏழைக் கடனாளிக்குத் தரவில்லை. இன்றைய சட்டமும் இன்னும் தரவில்லை.